நாற்பத்துமூன்று இஞ்சியின் இடது கீழ் மூலை

1

இந்தக் கதையை எழுதவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. புது டிவி வாங்குவதற்கு முன் நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கினேன். முதற்பக்கத்தில் "எல்.இ.டி. குறிப்புகள்" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். நாலாம் பக்கத்தில் ஒரு மனிதர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தில் அவருக்கு மனைவி வந்தாள். பத்தாம் பக்கத்தில் எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்தால் எனக்கு இரண்டு வேலைதான் தெரியும். ஒன்று, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. மற்றது, அதை வேறொருவருக்கு நடந்ததாக எழுதுவது. முதலாவதை மூன்று கிழமை செய்து பார்த்தாயிற்று. இது இரண்டாவது.

தொடக்கத்துக்கு மூன்று வசனம் எழுதினேன். அடித்தவற்றையும் அழிக்காமல் விடுகிறேன். டிவி வாங்குகிறவர் அதன் முதுகையும் திருப்பிப் பார்ப்பதில்லையா, அப்படி நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் ஒன்று: "அன்று உட்துறைமுகத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு —"

[வேண்டாம். வானம் இருட்டினால் மனிதருக்கும் ஏதோ வரப்போகிறது என்று வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். அன்று மழையும் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.]

தொடக்கம் இரண்டு: "எல்.இ.டி. டிவி என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது."

[வலியச் சண்டைக்கு இழுக்கிற வசனம். ஆனால் உண்மை. பிறகு சொல்கிறேன்.]

தொடக்கம் மூன்று: "பாக்கியரத்தினம் மாஸ்டர் வீட்டு டிவியின் இடது கீழ் மூலை, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், செய்தி நேரத்தில் இருட்டியது."

இதை வைத்துக்கொள்வோம். மாஸ்டர் திருகோணமலையில், உவர்மலைப் பக்கம் இருக்கிறார். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இதெல்லாம் நான் வைத்தது. அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

2

எல்.இ.டி. டிவி என்று நாம் கடையிலிருந்து தூக்கிவருவது உண்மையில் எல்.சி.டி. டிவிதான். திரையிலிருக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. அவை திறந்து மூடுகிற சின்னச் சின்ன யன்னல்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். முன்பெல்லாம் அங்கே மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. இப்போது எல்.இ.டி. விளக்குகளைப் பட்டிகளில் கோத்து வைக்கிறார்கள். விளக்கின் பெயரை முழு வீட்டுக்கும் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டிகளை இரண்டு விதமாக வைப்பார்கள். சிலவற்றில் திரையின் ஓரத்தில் மட்டும் இருக்கும். டிவி அப்பளம் மாதிரி மெல்லிசாக அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் எல்லா இடத்துக்கும் ஒரேயளவாகப் போய்ச் சேராது. மற்றவற்றில் திரையின் முதுகு முழுக்கப் பட்டிகள் இருக்கும். ஒரு பட்டி செத்தால் அந்த இடம் மட்டும் இருட்டும். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது: வெளிச்சம் போனாலும் படம் போவதில்லை. அது தன்பாட்டுக்கு அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். டோர்ச்சைக் கிட்டப் பிடித்து அடித்தால், இருண்ட இடத்தில் செய்தி வாசிக்கிற பெண்ணின் கை மங்கலாகத் தெரியும்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். துள்ளாத குறை. காரணத்தை இப்போது சொல்லப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தை அப்படியே மாஸ்டருக்குக் கொடுத்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். இந்த மூலையப் பாரும். ஒரு பட்டி போட்டுது."

மனைவி குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து பார்த்தாள்.

"எனக்கு எல்லா மூலையும் ஒரேமாதிரித்தான் தெரியுது."

"வடிவாப் பாரும்."

"வடிவாத்தான் பாக்கிறன். கீழ ஓடுற எழுத்துக்கூடத் தெரியுது. கந்தளாய்க் குளத்து வான்கதவு ரெண்டு திறந்திருக்காம். வாசிக்கட்டோ?"

மாஸ்டர் திரும்பப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பெண்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் விளங்காது என்று மனதுக்குள் நினைத்தார். [இந்த வரியை என் வீட்டில் கண்டால் பேச்சு வாங்குவேன். ஆனாலும் அவர் நினைத்தது அதுதான். இருக்கட்டும்.]

3

ஒரு சிக்கல். மாஸ்டர் அந்த மூலையை நேரே உற்றுப் பார்த்தால் மூலை பளிச்சென்று தெரிகிறது. இருட்டு அங்கிருந்து கீழே இறங்கி டிவி மேசைக்குப் போய்விடுகிறது. திரும்ப நடுவைப் பார்த்தால் திரும்ப வந்து மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. விளக்குப் பட்டி இப்படி நடமாடுமா?

கணக்கு வாத்தியாருக்கு இது உறைத்திருக்கவேண்டும். உறைக்கவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். கொப்பியில் அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது: சில திரைகளைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும், வெளிச்சம் குறையும். பார்க்கிற கோணம் முக்கியம். ஆகவே மாஸ்டர் கதிரையை இரண்டடி வலப்பக்கம் நகர்த்தினார். பிறகு இடப்பக்கம் நகர்த்தினார். மனைவி வந்து நிலத்தில் கதிரைக்கால் கீறிய கோட்டைத் துடைத்தாள்.

படித்ததெல்லாம் மாஸ்டருக்கு இப்படித்தான் உதவிக்கு வந்தது. நான் தொழில்நுட்பம் படித்தது விளங்கிக்கொள்வதற்கு அல்ல, வக்கீல் சட்டம் படிப்பதுபோலத் தப்பிக்கொள்வதற்கு என்று இப்போது தெரிகிறது.

(ஓரக் குறிப்பு: எங்கள் ஊரைப்பற்றித் தெரியாதவர்களுக்காக. துறைமுகத்தைப் பார்த்த வீடுகளில் எது பழுதானாலும் முதற் குற்றவாளி உப்புக்காற்று. மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி, மோட்டார்சைக்கிள் செயின், கேற்றுப் பூட்டு, எல்லாவற்றையும் அது தின்றுவிடும். பொருள் கெட்டால் எப்படிக் கெட்டது என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். "எத்தனை வருஷம்?" என்பார்கள். "ஏழு." "அப்ப சரி, உப்பு திண்டிட்டுது." அத்தோடு விசாரணை முடிந்துவிடும். வேறு ஊரில் இருந்தால் மாஸ்டர் இரண்டாவது நாளே சந்தேகப்பட்டிருப்பார்.)

4

டிவி திருத்துகிற முனீப், மாஸ்டர் வீட்டுக்கு வந்தான். முதலில் எழுதிய பிரதியில் அவன் பின்மூடியைக் கழற்றி, பச்சை பிடித்துப்போன ஒரு பட்டியை வெளியே எடுத்துக் காட்டி, "உப்பு திண்டிரிக்கு மாஸ்டர், இனி புதுசுதான் எடுக்கணும்" என்றான். மாஸ்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார். நானும் விட்டேன்.

[முனீப் அப்படிச் சொல்லவில்லை. முனீப் உண்மையான ஆள், பெயர்தான் மாற்றம். அவன் வந்ததும் மாஸ்டர் வீட்டுக்கு அல்ல. நடந்ததை எழுதுகிறேன்.]

அவன் பின்மூடியைக் கழற்றினான். எல்லா விளக்கும் எரிந்தன. மூடினான். தன் ஃபோனில் இருந்து வெள்ளைத் திரையொன்றை டிவிக்கு அனுப்பினான். ஒரு படமும் இல்லாமல் மூலைக்கு மூலை வெறும் வெள்ளை. திரையில் எங்காவது இருட்டு இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"எங்க அண்ணன் இருட்டு?"

"உதில. இடப்பக்கம், கீழ."

முனீப் கிட்டப் போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். விரலால் அந்த மூலையைத் தொட்டான். அவன் விரல் எனக்கு மணிக்கட்டோடு காணாமற் போயிற்று.

"இங்க ஒண்டும் இல்லயே அண்ணன். டிவி நல்லா இரிக்கு. இந்த மொடல் இப்ப எடுக்கவும் ஏலா."

"இல்ல முனீப், புதுசு ஒண்டு எடுத்தா நல்லம்."

"நல்ல டிவிய வச்சிக்கிட்டு ஏன் அண்ணன்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு டோர்ச்சை எடுத்துத் திரையில் அடித்துப் பார்த்தான், எனக்காகத்தான். அணைக்கும்போது அதன் வெளிச்சம் ஒரு கணம் என் முகத்தில் விழுந்தது. நான் திடுக்கிட்டுக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு பயந்தேன் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டர் என்று யாருமில்லை. அந்தக் கதிரை என் கதிரை. குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து வான்கதவுச் செய்தியை வாசித்தவள் என் மனைவி இராசமலர். மூலை இருண்டது டிவியில் அல்ல. எழுதிவிட்டேன். பேனையை ஒருதரம் கீழே வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

5

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் நான் நேற்று, சனிக்கிழமை, போய் டிவி வாங்கினேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பழசுக்கு ஒண்டுமில்லை எண்டு அந்தப் பெடியன் சொன்னவனெல்லோ?" என்று இராசமலர் மூன்று தரம் கேட்டாள். "அவனுக்கு என்ன தெரியும்" என்று மூன்று தரம் சொன்னேன். எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வேறொரு திரையைப் பார்த்தால், புது வெளிச்சத்தில், ஒருவேளை.

பிரதான வீதிக் கடையில் ஒரு சுவர் முழுக்க டிவி. எண்ணவில்லை, நாற்பதாவது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம்: ஒரு கிளி சிறகை விரித்துப் பறந்தது. கடையில் டிவிகளை இயல்பைவிடக் கூடிய வெளிச்சத்தில், கண்ணைக் கூசவைக்கும் நிறத்தில் வைத்திருப்பார்கள், அதை நம்பி வாங்கக்கூடாது என்று கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். அந்த வெளிச்சத்திலும் பார்த்தேன். நடு டிவியைப் பார்த்தால், அதற்கு இடது கீழே இருந்த டிவி முழுதாக இருட்டு. அந்த டிவிக்குக் கண்ணை நகர்த்தினால் அதற்குக் கீழே இருந்தது இருட்டு. ஒவ்வொன்றாக நாற்பது டிவியும் எனக்காக அணைந்து எரிந்தன. கிளி ஒரு சிறகோடு பறந்தது.

நஸ்ரின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்பிள்ளை பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், இது பின்னுக்கு முழுக்க லைட் உள்ளது. நாப்பத்திமூண்டு இஞ்சி உங்கட ஹோலுக்குக் காணும். எத்தின அடி தள்ளி இருந்து பாப்பீங்க?"

"எட்டடி."

"அப்ப இதுவே போதும். அந்த மற்றது ஓ.எல்.இ.டி. அதில பின்னுக்கு லைட்டே இல்ல. ஒவ்வொரு புள்ளியும் தானாவே எரியும்."

"ஒரு புள்ளி செத்தா?"

"அது செத்ததுதான் அங்கிள். மாத்த ஏலாது."

 அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. இராசமலர் டிவிகளைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் என் வலப்பக்கத்தில் நின்றாள், அதனால் தெரிந்தது. அந்தப் பார்வையிலிருந்து தப்ப எனக்கு ஒரே வழிதான் இருந்தது. "இதக் கட்டுங்கோ பிள்ளை" என்றேன். ஒரு பொய்யை நாற்பத்துமூன்று இஞ்சியில் வாங்கினேன்.

வெளியே முச்சக்கரவண்டிக்காக நின்றோம். இந்த ஊரில் மாடு நிற்பதுபோல மான்களும் வீதியில் நிற்கும், குப்பை தின்னும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு மான் வந்து எங்கள் டிவிப் பெட்டியின் மட்டையைக் கடித்து இழுத்திருக்கிறது. இராசமலர் "சூ, சூ" என்றாள். நான் என்னவென்று கேட்டுக்கொண்டே இடப்பக்கம் ஓரடி வைத்தேன். அந்த மானின்மேல் போய் விழுந்தேன்.

திருகோணமலையில் வாகனங்கள் மானை முட்டியது உண்டு. நடந்துபோன மனிதன் முட்டியதை நான் கேள்விப்பட்டதில்லை. மான் மிரண்டு வீதியைக் கடந்து ஓடியது. கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இராசமலர் சிரிக்கவில்லை.

"மான் நிண்டது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"பெட்டியப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"மான் பெட்டியிலதானே வாய் வச்சுக்கொண்டு நிண்டது."

6

டிவிப் பெட்டி ஹோலில் பிரிக்காமல் நிற்கிறது. ஒரு மூலையில் மான் கடித்த அடையாளம் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இராசமலர் காலையில் கோயிலுக்குப் போன நேரத்தில் இந்தப் பகுதியை எழுதுகிறேன். ஒளித்து எழுதுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாஸ்டரை ஏன் மாஸ்டராக்கினேன் என்பதுதான் இதில் இருக்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு ஒரு மூலை தெரியாவிட்டால் கரும்பலகையில் இரண்டு இலக்கம் தவறும். அதனால் ஒருவரும் சாகமாட்டார்கள். அதற்காகத்தான் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தேன்.

நான் லோஞ்ச் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்க் கொண்டுவருகிற லோஞ்ச். இருபத்தாறு வருஷம். பதினொரு வருஷத்துக்கு முன் கப்பல் பக்கத்தில் துரு சுரண்டும்போது ஒரு துகள் தெறித்து என் வலது கண் அரைக் கண்ணாகிவிட்டது. அன்றிலிருந்து இடது கண்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று கிழமைக்கு முன் அந்தக் கண்ணிலும் ஒரு மூலை போய்விட்டது. அந்த இருட்டு முதல் நாள் சிறுவிரல் அளவு இருந்தது. இப்போது உள்ளங்கை அளவு.

அரைக் கண்ணோடு பதினொரு வருஷம் எப்படி ஓடினாய் என்று கேட்பீர்கள். வருஷத்துக்கொரு தடவை கண் பரிசோதனை உண்டு. சுவரில் ஒரு எழுத்து அட்டை மாட்டியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே அட்டை. லோஞ்ச் கட்டுகிற ஜெட்டியில் வேலைசெய்கிற எல்லாருக்கும் அது மனப்பாடம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் நாள் கயிறு கட்டக் காட்டிக்கொடுப்போம், இரண்டாம் நாள் அட்டையைச் சொல்லிக்கொடுப்போம். ஒருவருக்கும் அது களவாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நான் கடகடவென்று சொல்வேன்: ஈ. எப், பீ. ரீ, ஓ, செட். எல், பீ, ஈ, டீ. கடைசி வரியில் ஓரிடத்தில் கொஞ்சம் தடுமாறிக் காட்டுவேன், நம்பவேண்டுமே.

அடுத்த பரிசோதனை நாளைக்கு, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

நாளைக்கும் நான் சித்தியடைவேன், அதுதான் பயம். வலது கண்ணுக்கு மனப்பாடம் இருக்கிறது. இடது கண் நேரே இருப்பதை இன்னும் நன்றாக வாசிக்கும். அட்டை நேரே இருப்பதைத்தான் கேட்கும். மூலையை ஒருவரும் கேட்கமாட்டார்கள். நானாகச் சொன்னால்தான் உண்டு.

சொன்னால் வேலை போகும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வேறொன்றும் ஓட்டத் தெரியாது. இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் நினைத்தது இதைத்தான்.

இரண்டாவது, தம்பிராசா அண்ணை.

அவர் உட்துறைமுகத்தில் சின்னத் தோணியில் தனியாக வலை விடுகிறவர். வலையை வளைத்துப் போட்டுவிட்டுத் துடுப்பால் தோணியின் பக்கத்தில் தட்டுவார். டொக், டொக், டொக். சத்தத்துக்கு மீன் வெருண்டு வலைக்குள் ஓடும். போன வியாழக்கிழமை காலை, வெறும் லோஞ்சைத் திருப்பிக்கொண்டு வருகிறேன். கடல் எனக்கு முன்னால் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, மிகக் கிட்ட. எங்கிருந்து என்று தெரியவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பினேன். அவர் முகம் தெரிந்தது. துடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு என் லோஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுக்கானை வலப்பக்கம் முழுதாக முறித்துத் திருப்பினேன். தோணி அலையில் ஏறி இறங்கியது. எங்களுக்கு இடையில் ஒரு பாய் விரிக்கிற அளவு தண்ணீர்தான் இருந்தது.

"தம்பி, என்னக் காணேல்லையோ நீ?"

"வெயில் அண்ணை. வெயில் கண்ணில அடிச்சுப்போட்டுது."

"ஓமோம். இந்த நேரத்து வெயில் அப்பிடித்தான்."

அவர் நம்பினார். என் கையில் நாலு மீனையும் போட்டுவிட்டார், நான் பயந்துபோனேனாம். வெயில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. அந்த மீனை இராசமலர் சொதி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் லோஞ்ச் எடுத்தேன். நேற்றுக் காலையும் எடுத்தேன். எடுத்தவனை நீங்கள் என்ன நினைத்தாலும் எனக்குச் சம்மதம். காதைக் கூராக்கிக்கொண்டு, டொக் டொக் கேட்கிறதா என்று கேட்டுக்கேட்டு ஓட்டினேன். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று —

[விட்டுவிட்டேன்.]

7

கோயிலால் வந்த இராசமலர், நான் குளிக்கப்போன நேரத்தில், கொப்பியை எடுத்து வாசித்துவிட்டாள். வந்து பார்த்தபோது ஹோலில், பிரிக்காத டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தாள். பழைய டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கொப்பியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இத எழுதேக்க நீங்கள் ஒருக்காலும் பக்கத்தை முழுசாப் பாக்கேல்லையோ?"

"ஏன்?"

"பாருங்கோ."

பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேல்வரிகள் ஓரக்கோட்டில் ஒழுங்காகத் தொடங்கியிருந்தன. கீழே போகப்போக, ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்து தொடங்கியிருந்தது. அடியில் இடது மூலை முக்கோணமாக வெறுமையாகக் கிடந்தது. முதற்பக்கத்தில் சின்ன முக்கோணம். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெரிதாகிக்கொண்டே போனது. நான் மாஸ்டர் என்றும் பட்டி என்றும் கோணம் என்றும் கதைவிட்ட பக்கங்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. கொப்பி முதல் நாளே உண்மையை எழுதிவிட்டது.

"மூண்டு கிழமை," என்றாள். "பக்கத்தில படுக்கிற என்னட்டச் சொல்லாம, ஆரெண்டு தெரியாத சனத்துக்கு எழுதியிருக்கிறியள்."

"சொன்னா வேலை போயிடும் மலர்."

"அது எனக்கு விளங்காதோ?" அவள் கொப்பியை மூடினாள். "தம்பிராசா அண்ணையின்ர மீனச் சொதி வச்சுத் தந்தனே, அதச் சாப்பிட்டனீங்களே."

 மத்தியானம் அவள் சமைக்கவில்லை. பின்னேரம் அவள் சீலை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் வந்தாள். நேரே மேசைக்கு வந்து, கொப்பியில் நான் இன்னும் எழுதாத ஒரு பக்கத்தைத் திருப்பி, குனிந்து ஏதோ எழுதினாள். பக்கத்தின் இடது கீழ் மூலையில் எழுதினாள். பேனையை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

8

நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். கடையில் மூன்று டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுபோலக் காட்டுகிறேன்.

முடிவு ஒன்று: பாக்கியரத்தினம் மாஸ்டர் புது டிவியைப் பிரிக்கிறார். மூலை பளிச்சென்று தெரிகிறது. உப்புக்காற்றுத்தான் என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. [எவ்வளவு ஆசையாக இதை எழுதினேன் தெரியுமா. கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் மாஸ்டரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது.]

முடிவு இரண்டு: திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஈ. எப், பீ. ரீ, ஓ, செட். கையெழுத்து, முத்திரை. பத்தரை மணிக்கு லோஞ்சை எடுக்கிறான். கடல் வெறுமையாகக் கிடக்கிறது. காதைக் கூராக்குகிறான். ஒரு சத்தமும் —

முடிவு மூன்று: அட்டைக்கு முன்னால் நின்று அவன் சொல்கிறான், "ஐயா, இது எனக்குப் பாடம். நீங்கள் மூலையைக் கேளுங்கோ." யாரோ ஒருவர் டோர்ச்சை அவன் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவருகிறார். இந்தமுறை அவன் கையால் மறைக்கவில்லை. உள்ளே படம் இன்னும் ஓடுகிறதா, வெளிச்சம் மட்டும்தான் போயிற்றா, அல்லது புள்ளிகளே செத்துவிட்டனவா என்று அவர்கள் சொல்லும்வரை அவன் காத்திருக்கிறான். [அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்வார்கள் என்று தெரியாது.]

எது என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாவதை எழுதுகிற கை என்னிடம் இருக்கிறது. நாளைக்குக் காலை அங்கே நிற்கிற வாய் என்னிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதை ஞாயிற்றுக்கிழமை இரவு முடிவுசெய்கிற தைரியம் எனக்கு இல்லை.

இராசமலர் எழுதியது இந்தப் பக்கத்தின் அடியில், நான் பார்க்கும் இடத்துக்கு இடப்பக்கம், கீழே இருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. கண்ணை நாலு விரற்கடை நகர்த்தினால் தெரியும். எந்த மூலையும் நேரே பார்த்தால் தெரியும் என்று மூன்றாம் பகுதியிலேயே எழுதியிருக்கிறேனே. நகர்த்தவில்லை. அரை மணித்தியாலமாக இந்த வரிகளைப் பக்கத்தின் வலது பாதியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வாசலில் நின்று பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

கொப்பியை இப்படியே, அவள் எழுதியதையும் சேர்த்து, உங்களிடம் தருகிறேன். நீங்கள் முதலில் வாசியுங்கள். வாசித்த பிறகு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளலாம், நான் மறுக்கமாட்டேன். உங்களுக்குப் பிறகு நான் கண்ணைத் திருப்புகிறேன்.

தம்பிராசா அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்.
அவர் கோவிக்கேல்ல.
நீங்கள் லோஞ்ச் எடுக்கிற நாளில
தான் தோணி இறக்கமாட்டாராம்.